மரச்சீனிப் பசையில் ஓடிய எருமை

பெட்ரோல் வாசம் எனக்குத் தலைவலி தருவதில்லை. பங்கில் வரிசையில் நிற்கும்போது மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஒரு மூச்சு கூடுதலாக இழுப்பேன். அந்த ஒரு மூச்சுக்குள் ஈர மண் உண்டு, பலாச்சுளை உண்டு, வெந்து புளித்த கிழங்கு மாவு உண்டு, நனைந்த காகிதம் உண்டு. ஐம்பதை எட்டப்போகிற ஒருத்தி பெட்ரோல் பங்கில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்குமோ தெரியாது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பி வருவேன். எங்கிருந்து என்றால், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ஒழுகிக்கொண்டே ஓடிய ஒரு மோட்டார் சைக்கிளின் மேலிருந்து.

அது எல்லைச் சண்டை நடந்த காலம். எங்கள் தாலூக்காக்கள் சென்னையோடு போவதா, மலையாளத்தோடு இருப்பதா என்று டீ விற்கும் சாயக்கடை, சந்தை, ஆற்றங்கரை எங்கும் அதே பேச்சு. கோடு இன்னும் போட்டிருக்கவில்லை. ஆனால் அது எங்கே விழும் என்று ஆளுக்கொரு விரல் வைத்திருந்தார்கள். எனக்கு எட்டு வயது. யாரும் பார்க்காத நேரத்தில் சர்க்கார் ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்து, காலையில் எழுந்ததும் முற்றத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கோழிக்கூடு ஒரு நாட்டிலும் கிணறு இன்னொரு நாட்டிலும் போய்விட்டால் முட்டையை எதில் வேகவைப்பது என்பது என் கவலை. இதை அம்மாவிடம் கேட்டதற்கு, வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குப் போ என்றாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாறசாலைக்குத் தெற்கே எங்கள் தோப்புக்கு அடுத்த விளையில் குடியிருந்தார். உலகப் போருக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர். அதனால் ஊரில் அவருக்கு இயந்திரம் எல்லாம் அத்துப்படி என்று பெயர். கடிகாரம் நின்றாலும் கிணற்று ராட்டு சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, ம்ம் என்பார். உண்மையில் பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல் பிரிவில். அதை அவர் மறைத்ததும் இல்லை, சொன்னதும் இல்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. பட்டாளம் கழித்துப்போட்ட பச்சை வண்டி அது, தக்கலைப் பக்கம் ஒருவரிடம் கிடந்தது. மாமா வீட்டில் ஒரு கறவைப் பசு இருந்தது. இரண்டையும் மாற்றிக்கொள்வது என்று இரண்டு ஆண்பிள்ளைகள் சந்தையில் நின்று பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் விடிந்து, பால் பாத்திரமும் கையுமாக மாமி தொழுத்துக்குப் போனபோது பசு நின்ற இடத்தில் வண்டி நின்றது. மாமா அதற்கு மரியாதையாக வைக்கோல்கூட விரித்திருந்தார்.

மாமிக்குச் சொந்த ஊர் காட்டாக்கடைக்கு அருகே. அந்த வீட்டில் மலையாளம் பேசுவார்கள். மாமி எங்களோடு தமிழ் பேசுவாள், பசுவோடு மலையாளம் பேசுவாள், கோபம் வந்தால் எந்த மொழியும் பேசமாட்டாள். அன்றும் பேசவில்லை. பால் பாத்திரத்தை வண்டியின் இருக்கைமேல் கவிழ்த்து வைத்தாள். இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: "உங்க தம்பி ஒரு எருமைய வாங்கியிருக்காரு, வந்து பாருங்க." அன்றுமுதல் எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த வண்டிக்குப் பெயர் எருமை.

மூன்று மாதம் ஆயிற்று. மாமா தானே பொங்கித் தின்றார். சமையல்காரர் ஆனதால் நன்றாகவே பொங்கினார். அதுதான் அவருக்குப் பெரிய துக்கம் என்று அம்மா சொல்வாள். கஞ்சி குழைந்து, கறி கருகி, ஊரார் பார்த்து ஐயோ என்றிருந்தால் யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள். மாமாவின் மீன்குழம்பு வாசம் பிடித்தவர்கள் அவர் சந்தோஷமாக இருப்பதாக நினைத்துவிட்டார்கள்.

கடைசியில் மாமியின் அண்ணன் ஆள்விட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்குள் நேரில் வந்து கூப்பிட்டால் ஆயிற்று. இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் தங்கையைக் கொல்லத்தில் இருக்கும் மூத்த அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவிடப் போகிறார். அதன்பிறகு யாரும் யாரையும் தேடி வரவேண்டாம்.

மாமா பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தார். எருமையை அந்த முற்றத்தில் கொண்டு நிறுத்துகிற அளவுக்கு அவர் புத்தி கெட்டவர் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லைக்காகக் கடையடைப்பு, பஸ் ஓடவில்லை. இருபது மைலை நடந்து கடந்தால் விளக்கு வைத்து, அணைத்து, தூங்கியும் விடுவார்கள். மாமா தொழுத்து வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, வைக்கோலை விலக்கி வண்டியை வெளியே உருட்டினார்.

பிணங்கிப்போன பெண்ணைக் கூப்பிடப் போகும்போது கூட ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தை முன்னால் நின்றால் வாசலில் வைத்துச் சத்தம் போடமாட்டார்கள். குழந்தைக்குக் கொடுக்கிற சாக்கில் வந்தவனுக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கும். அம்மா எனக்குத் தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, புதுப் பாவாடை கட்டி, பெட்ரோல் டாங்கின் மேல் துண்டை மடித்துப்போட்டு உட்காரவைத்தாள். பின்னால் ஒரு ஏத்தன் வாழைக்குலையைக் கட்டினார்கள். மாமாவின் மோவாய் என் உச்சந்தலைக்கு மேலே. வண்டி கிளம்பியதிலிருந்து அந்த மோவாய் அசைந்துகொண்டே இருந்தது. மாமியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவர் பாடம் செய்துகொண்டிருந்தார். தப்பு எனக்காக்கும் என்று ஆரம்பிப்பார். சரிப்படாமல், தப்பு நம்ம ரெண்டு பேருக்கும் என்பார். அதுவும் ஆபத்து என்று தோன்றி, பசு நல்ல இடத்திலதான் இருக்கு என்பார். என் தலையில் இருந்த எண்ணெய்க்கு எல்லாம் தெரியும்.

பாறசாலை தாண்டியதும் என் இடது காலில் ஒரு குளிர்ச்சி. முழங்காலுக்குப் பின்னால் தொடங்கி, கணுக்காலுக்கு இறங்கி, பாதத்திலிருந்து சொட்டியது. பாவாடை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. எட்டு வயதுப் பெண்பிள்ளை இதை யாரிடம் சொல்ல முடியும்? வண்டியின் குலுக்கலில் எனக்குத் தெரியாமலே நடந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, காலை டாங்கோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, மானம் போகிற துக்கத்தில் ஒரு மைல் தூரம் வாயே திறக்கவில்லை. காற்று அடித்த இடம் ஐஸ் வைத்ததுபோல் சில்லென்றது. இதுவரை இப்படிச் சில்லென்று இருந்ததில்லையே என்று ஒரு சந்தேகம் மட்டும் வந்தது.

மோவாய் நின்றது. மாமா மூக்கை உறிஞ்சினார்.

"மக்கா, ஒனக்கு என்னவாவது மணம் வருதா?"

"நான் ஒண்ணும் செய்யல்ல மாமா" என்றேன்.

உதியன்குளங்கரையில் ஒரு சாயக்கடை, கடையடைப்புக்கு மரியாதையாக ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்திருந்தது. மாமா அங்கே வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். டாங்கின் அடியில், தகடும் தகடும் சேருகிற இடது மூலையில், துரு தின்ற ஒரு துளை. மிளகளவுகூட இல்லை. அதிலிருந்து பெட்ரோல் ஒரு அவசரமும் இல்லாமல் சொட்டியது. குனிந்த மாமாவின் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. சாயக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தார்.

"ஓய், அந்தப் பீடியத் துப்பும். உமக்குச் சாவணும்னா சாவும், எனக்க கடையையும் கூடக் கொண்டுபோவாதேயும்."

பீடி ஓடைக்குள் போயிற்று. மாமா கையைப் பின்னால் கட்டித் தலையைச் சாய்த்து, ம்ம் என்றார். அவருக்குத் தெரிந்த ஒழுக்கு புட்டுக்குடத்து ஒழுக்கு ஒன்றுதான். குடத்துக்கும் குழலுக்கும் நடுவே ஆவி போனால் மாவைப் பிசைந்து அப்பவேண்டும். அந்தச் சாத்திரத்தை அவர் டாங்குக்கும் வைத்தார். மாவுக்குப் பதிலாக அரைக்கட்டி சவுக்காரம். கடைக்காரர் பாத்திரம் கழுவ வைத்திருந்ததைப் பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, துளையில் தேய்த்துத் தேய்த்து அடைத்தார். சொட்டு நின்றது. எனக்கும் மானம் திரும்பி வந்தது. மாமா என் ஈரப் பாவாடையைப் பார்த்து, முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

சவுக்காரம் அரை மைலுக்கு உழைத்தது. பிறகு எஞ்சின் சூட்டில் இளகி, குழைந்து, வெள்ளை நாக்குபோல் தொங்கி, விழுந்தது. நாங்கள் மறுபடி நின்ற இடம் ஒரு வீட்டுப் படலுக்கு முன்னால். உள்ளே ஒரு பெண்பிள்ளை ஓலை விரித்துச் சக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். முழுப் பலாவும் பிளந்து கிடந்தது. நடுத்தண்டிலிருந்து பசை பால்போல வழிய, அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து, கோழிமுட்டை அளவுக்கு உருட்டி வைத்திருந்தாள். மாமாவின் கண் அந்த உருண்டையில் விழுந்தது. கையில் ஒட்டினால் போகாது, துணியில் ஒட்டினால் போகாது, ஓட்டையில் ஒட்டினால் மட்டும் போய்விடுமா?

பக்கத்து விளைகளிலிருந்து ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் பிறந்ததிலிருந்து சக்கை வெட்டுகிறவர்கள். எல்லோரும் யோசனை சொன்னார்கள். குச்சியைச் சூடு காட்டு என்றார் ஒருவர், துணியைச் சேர்த்து அப்பு என்றார் இன்னொருவர். மாமா பசையை இழுத்து, தடவி, விரலால் அழுத்தி, எழுந்து நின்று தன் வேலையைப் பார்த்தார். பதினைந்து கண்கள் பார்த்தன. ஒருவருக்கு ஒரு கண் இல்லை. ஒரு சொட்டும் விழவில்லை. சக்கைப் பசைக்கு நிகராக சீமையில்கூட மருந்து இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாமாவின் பத்து விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அந்தப் பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய், எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்வதுபோல, பசையை இளக்க ஒரு கரண்டி மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். மாமா கையைத் தேய்க்கத் தேய்க்கப் பசை கரைந்து இழை இழையாக ஓடியது.

நான் மாமாவின் கையைப் பார்த்தேன். பிறகு டாங்கைப் பார்த்தேன். துளையின் மேல் அப்பியிருந்த பசையும் அதேபோல அழகாகக் கரைந்து இழை இழையாக ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அங்ஙனயும் கை கழுவுது" என்றேன்.

 மண்ணெண்ணெய்க்குக் கரைவது பெட்ரோலுக்கும் கரையும் என்பது அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது, ஏதோ சாவு வீட்டிலிருந்து கலைவதுபோல. அந்தப் பெண்பிள்ளை மட்டும் எனக்கு நாலு சுளை தந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேற்கே கடல் பக்கம், இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழையின் மேகம் ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. டாங்கில் பாதி போயிருந்தது. இருப்பதும் போனால் மாமியும் போனாள் என்று மாமா என்னிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னார். துளையில் ஒரு விரலை வைத்துக்கொண்டே, எஞ்சினை அணைத்து, இறக்கத்தில் உருட்டி அமரவிளைப் பாலம்வரை கொண்டுவந்து சேர்த்தார். நான் ஏத்தன் குலைக்குக் காவலாகப் பின்னால் நடந்து வந்தேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு இளவட்டங்கள் சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண் தமிழரோடு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த காகிதம். கையில் ஒரு வாளி. வாளியில் பசை. மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கின் மாவைக் கிண்டி, ஒரு நாள் புளிக்கவிட்ட பசை. மாமா அந்த வாளியைப் பார்த்த பார்வையை வைத்தே ஒரு கவிதை எழுதலாம். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மாவு என்றால் அவருக்கு அது புட்டுக்குடத்துச் சாத்திரம். தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சவுக்காரம் தோற்றது, சக்கை தோற்றது, மரச்சீனி தோற்காது.

கழுத்தில் துண்டு கட்டிய ஒருவன் தலைவன்போல முன்னால் வந்து, எந்தப் பக்கம் என்று கேட்டான். மாமாவுக்குப் பக்கமே கிடையாது. இரண்டு பக்கத்துக் கூட்டங்களுக்கும் போவார். திரும்பி வந்து, எந்தக் கூட்டத்தில் சாயாவுக்கு இனிப்பு கூடுதல் என்று மட்டும் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ் என்பதால் அதைச் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. பசை தரலாம், காகிதமும் தரலாம், ஒரே ஒரு நிபந்தனை: எழுத்து வெளியே தெரியும்படி ஒட்டவேண்டும். பாலம் தாண்டி நெய்யாற்றின்கரைத் தெருவில் அந்த எழுத்து ஓடவேண்டும் என்பது அவர்களுக்கு ஆசை.

முதலில் டாங்கைக் காலி செய்யவேண்டும். பக்கத்தில் அக்கானிப் பதநீர் இறக்கிக்கொண்டிருந்த பனையேறியின் மண்பானையில் பெட்ரோலைப் பிடித்து வைத்தார்கள். அந்தப் பானையில் இனி எதை ஊற்றிக் குடிக்க என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டியை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அப்போதுதான் அது நிஜமான எருமைபோல் இருந்தது. துளையைத் துடைத்து, ஒரு காகிதம், பசை, ஒரு காகிதம், பசை என்று மூன்று அடுக்கு. இனி உலரவேண்டும். மாமா மேகத்தைப் பார்த்தார். தலைவன் மாமாவைப் பார்த்தான். பிறகு ஆறு இளவட்டங்களும் வண்டியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, கன்னம் உப்ப, அடுப்பு ஊதுவதுபோல் அந்தக் காகிதத்தை ஊதினார்கள். கொடிக்கும் கோஷத்துக்கும் வைத்திருந்த மூச்சு அத்தனையும் மாமாவின் டாங்குக்குப் போயிற்று. நானும் ஊதினேன்.

பசை பிடித்தது. பெட்ரோல் திரும்ப உள்ளே போயிற்று. ஒரு சொட்டு இல்லை. எருமை எழுந்து, பாலம் தாண்டி, கர்வத்தோடு ஓடியது.

கால் மைல்தான். நெய்யாற்றின்கரைக்குள் நுழையும் இடத்தில் வேறொரு வாளி, வேறொரு ஐந்தாறு இளவட்டங்கள். இவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தது மலையாளக் காகிதம். பள்ளியில் நான் படித்தது மலையாளம் ஆனதால் தூரத்திலிருந்தே வாசித்துவிட்டேன்: இந்த மண் கேரளத்துக்கு. சத்தமாக வாசித்தேன். அவர்களும் எங்கள் டாங்கைச் சத்தமாக வாசித்தார்கள்.

வழி மறித்தார்கள். உடனே கிழிக்கவேண்டும் என்றார்கள். மாமா இறங்கி, நல்ல மலையாளத்தில், கிழித்தால் பெட்ரோல் போய்விடும் என்றார். பெட்ரோல் போனால் போகட்டும் என்றார்கள். பெட்ரோல் போனால் என் பெண்டாட்டி போய்விடுவாள் என்றார் மாமா. எங்கே போவாள் என்று அவர்களில் ஒருவன் அக்கறையாகக் கேட்டான். கொல்லத்துக்கு, என்றார். பசு, எருமை, மூன்று மாதம், விளக்கு வைக்கும் நேரம் என்று எல்லாம் வெளியே வந்தது. அவள் காட்டாக்கடைப் பக்கத்துப் பெண் என்று தெரிந்ததும் அவர்கள் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். கிழித்தால் நம் பக்கத்துப் பெண் வாழாவெட்டி ஆவாள். விட்டால் தமிழ் எழுத்து நம் தெருவில் ஓடும். நீண்ட ஆலோசனை. முடிவில் தங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, தமிழ்க் காகிதத்தின் மேல் மலையாளக் காகிதத்தை அழுத்தி ஒட்டினார்கள். அதே மரச்சீனி, அதே புளித்த வாசம். இரண்டு வாளியையும் பக்கத்தில் வைத்தால் எது எவருடையது என்று சொல்ல முடியாது. இவர்களும் ஊதினார்கள்.

ஜங்ஷனில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். ஊரில் தடை உத்தரவு. காகிதம் ஒட்டினாலும் சுமந்தாலும் கேஸ். அவர் மேலே உள்ளதை வாசித்துவிட்டு, தடித்துக் கிடக்கிறதே என்று நகத்தால் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ளதையும் பார்த்துவிட்டார். எந்தக் கூட்டத்தின் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகி எடுத்தார், எடுத்துச் செருகினார்.

"உனக்கு ஏதாடா கட்சி?"

"வீட்டுக்காரிக்க கட்சி ஆக்கும் ஏமானே" என்றார் மாமா.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், ஏத்தன் குலையைப் பார்த்தார். அவருக்கும் வீடு இருந்திருக்கவேண்டும். அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான கட்சி, வேகம் போ என்றார்.

காட்டாக்கடைப் பாதை முழுக்கக் குண்டும் குழியும். ஒட்டு அசையவில்லை. மேகம் மட்டும் எங்களைவிட வேகமாக வந்தது. மாமாவின் மோவாய் என் உச்சியில் மறுபடி அசையத் தொடங்கியது. தப்பு எனக்காக்கும். இனிமேல் ஒன்னிட்ட கேக்காம ஒரு கோழியக்கூட மாத்தமாட்டேன். பசு நல்ல இடத்திலதான் இருக்கு. இருட்டிக்கொண்டு வந்தது வானத்தால்தானா நேரத்தாலா என்று தெரியவில்லை. படலைத் திறந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது விளக்கு இன்னும் வைத்திருக்கவில்லை.

மாமியின் அண்ணன் முற்றத்தில் கையைக் கட்டி நின்றார். கேரளம் ஒன்றாகவேண்டும் என்கிற கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி அவருடையது. எருமையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. டாங்கைப் பார்த்ததும் விரிந்தது. மச்சினன் திருந்திவிட்டான் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அருகே வந்து அந்த மலையாள எழுத்தை ஒரு தரம் வாசித்து, மாமாவின் தோளில் கை வைக்கப் போனார். கை தோளுக்குப் போய்ச் சேரவில்லை. மழை வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து இடவப்பாதி மழை முன்னறிவிப்பு கொடுக்காது. பானையைக் கவிழ்த்ததுபோல் ஒரே கொட்டு. எண்ணெய்க்கு அசையாத மரச்சீனி தண்ணீரைக் கண்டதும் தன் குணத்தைக் காட்டியது. மலையாளக் காகிதம் மெல்ல வழுக்கி, அண்ணனின் காலடியில் விழுந்தது. அடியில் இருந்த தமிழ் எழுத்து குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று நின்றது. அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்க வேறொன்று இருந்தது. தமிழும் வழுக்கி விழுந்தது. பெட்ரோல் இறங்கி மழைத் தண்ணீரோடு சேர்ந்து, முற்றத்தின் குறுக்கே ஊதா, பச்சை, மஞ்சள் என்று நெளிந்து நெளிந்து ஒரு கோடாக ஓடியது. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கோடு கடைசியில் இங்கே வந்துதான் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அதன் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துக் குதித்தேன்.

மாமா மண்டியிட்டுத் துளையில் விரலை வைத்தார். சமையலறை வாசலில் மாமி வந்து நின்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பார்வை. மாமா வழியெல்லாம் பாடம் செய்த வாக்கியங்கள் அத்தனையும் என் தலையிலேயே தங்கிவிட்டன. அவர் சொன்னது வேறு.

"ஒரு பாத்திரம் உண்டா?"

மாமி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பால் கறக்கிற செம்பு. மழையில் இறங்கி வந்து, முழங்காலை மடித்து, டாங்குக்கு அடியில் செம்பைப் பிடித்தாள். மாமா விரலை எடுத்தார். செம்பில் சுர்ரென்று விழுந்தது.

"கறந்து முடிச்சிட்டுச் சொல்லுங்க. உங்க எருமை ஒரு நேரத்துக்கு எத்தன நாழி பாலு தரும்ணு நானும் பாக்கணும்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா, மழையா, வேறெதுவுமா என்று அந்த முகத்தில் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மாமாவும் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் பெட்ரோல் இல்லாத வண்டியோடு, பெருமழையில், ஒரு பெண்பிள்ளையோடு வந்தவனைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டிலும் சட்டம் இல்லை. விளக்கு வைத்தார்கள். எனக்குச் சக்கைப்பழமும் தேங்காய்ப்பாலும் கிடைத்தன, தின்றேன், தூங்கிவிட்டேன்.

காலையில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். மச்சினன் இரண்டாவது ராத்திரியும் தங்க ஒரு காரணமும் இருக்கக்கூடாது என்று, டாங்கைத் தானே கழற்றித் தோளில் வைத்துக் காட்டாக்கடைச் சந்தைக்கு நடந்தார். தகரவேலைக்காரரைத் தட்டி எழுப்பி, துளையைச் சுரண்டி, ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். வண்டியில் மாட்டி, செம்பில் இருந்ததை ஊற்றினார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நூறுவரை எண்ணினேன். பிறகு இன்னொரு நூறு. விரல் உலர்ந்தே இருந்தது. அந்த வழியில் நாங்கள் பார்த்த வைத்தியங்களில் ஒழுங்காகப் பிடித்தது அது ஒன்றுதான். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட உண்டு.

அன்றைக்குப் பஸ் ஓடியது. பள்ளி திறந்துவிட்டதால் நான் திரும்பவேண்டும். மாமாவும் மாமியும் எருமையில் வருவார்கள், நான் டாங்கின் மேல் உட்காருவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் என்னைக் கொண்டுவிட அண்ணன்தான் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார். அன்று அவர் தங்கையைக் கூட்டிக்கொண்டு வடக்கே கொல்லத்துக்குப் போகவேண்டியவர். என்னைக் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தார். மாமி பஸ் நிற்கும் இடம்வரை வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். மாமா வரவில்லை, பின்முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒழுங்காக ஓடக்கூடிய வண்டி இருக்கிற ஒருவர் எதற்காக மாமனார் வீட்டு விறகைப் பிளக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

பஸ் வந்தது. அண்ணன் என்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தார். மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாமா எப்போது வருவார் என்று அம்மா கேட்பாள், அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்றாள். தலையாட்டினேன்.

"டாங்கு இன்னும் ஒழுகுது, சரியாக நாலஞ்சு நாளாவும்ணு சொல்லணும்."

"அடைச்சாச்சே மாமி. நான் விரல் வச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல."

மாமி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாகத் தென்னை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். கண்டக்டர் மணி அடித்தார். நான் பொய் சொல்லமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமி கம்பிக்குள் கைவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஒழுகுது மக்கா. நல்லா ஒழுகுது. நீ அப்படியே போய்ச் சொல்லு."